கைகளை விட்டுவிட்டுக் கால்களைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 54. நடையில் தடுமாற்றம் குறையும், மனமும் அமைதிப்படும் என்று மகள் சொன்னதால் மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய் ச்சி வகுப்பில் சேர்ந்தேன். ஐந்து வகுப்புகள் முடிந்துவிட்டன. கையைக் கவனித்தால் கால் தவறிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. மற்றவர்கள் அழகாகச் செய்யும்போது கூச்சமாக இருக்கிறது. போதாக்குறைக்கு வலது முழங்காலில் வலி. பேசாமல் வகுப்பை விட்டுவிட்டு வீடியோ பார்த்துப் பழகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

வகுப்பை விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவற்றில் முழங்கால் வலியைத் தவிர வேறு எதற்கும் நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புதிதாகக் கற்பவர்களுக்கு முழங்கால் வலிக்கப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, ஆசிரியரைப் பார்த்து அவர் அளவுக்குத் தாழ்ந்து நிற்க முயல்வது. மற்றொன்று, உடல் எடை முழுவதும் ஒரு காலில் இருக்கும்போதே அந்தக் காலின் பாதத்தைத் திருப்புவது. தரையில் அழுந்திய பாதம் எளிதில் திரும்பாது; அந்த முறுக்கை முழங்கால்தான் வாங்கிக்கொள்ளும். எடையை மற்றக் காலுக்கு மாற்றிவிட்டுப் பிறகு பாதத்தைத் திருப்புங்கள். முழங்காலை மடக்கும்போது அது கால்விரல்கள் காட்டும் திசையையே பார்க்க வேண்டும். உள்பக்கம் சாயக் கூடாது, விரல் நுனியைத் தாண்டி முன்னால் போகவும் கூடாது. கொஞ்ச நாளைக்கு நிமிர்ந்தே நின்று செய்யுங்கள். தாழ்ந்து நிற்பது பின்னால் தானாக வரும். இதற்குப் பிறகும் வலித்தாலோ வீக்கம் கண்டாலோ மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் அடுத்த வகுப்பு.

மறதிக்கு வருகிறேன். வகுப்பில் பார்த்த அத்தனை அசைவுகளையும் வீட்டில் செய்து பார்க்க முயல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒரு மாதத்துக்கு அதை நிறுத்திவிட்டு, நடை ஒன்றை மட்டும் பழகுங்கள். கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, எடை முழுவதையும் வலது காலுக்குக் கொண்டு வாருங்கள். இடது கால் வெறுமையாகிவிடும். அதை மெல்லத் தூக்கி முன்னால் கொண்டுபோய், குதிகாலை மட்டும் தரையில் வையுங்கள். உடனே எடையைப் போட்டுவிடாதீர்கள். வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சரியாக நிற்கிறீர்கள். முடியாவிட்டால் காலை வைப்பதற்கு முன்பே அதன்மேல் விழுந்துவிட்டீர்கள் என்று பொருள். பிறகு பாதம் முழுவதையும் படியவைத்து, நிறைகுடத்தைச் சாய்க்கிற நிதானத்தோடு எடையை முன்காலுக்கு மாற்றுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பூனையைப் போல அடியெடுத்து வைக்க வேண்டும் என்று சீன ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். கால் தன் வேலையைத் தானே பார்க்கத் தொடங்கிவிட்டால் கைகளைக் கவனிக்க மனத்துக்கு இடம் கிடைக்கும்.

உங்கள் வகுப்பில் 24 அசைவுகள் கொண்ட தொடரைக் கற்பிக்கிறார்கள் என்றால், அது உங்களைப் போன்றவர்களுக்காகவே அமைக்கப்பட்டது. தாய் ச்சியின் ஒரு பிரிவான யாங் முறையின் நீண்ட தொடரைச் சுருக்கி, பொதுமக்கள் எளிதில் கற்றுக்கொள்ளட்டும் என்று 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை உருவாக்கியது. முழுவதையும் செய்ய ஆறு நிமிடம் ஆனாலே அதிகம். ஆனால் அந்த ஆறு நிமிடத்தைக் கற்கச் சில மாதங்கள் பிடிக்கும். எல்லோருக்கும் அப்படித்தான்.

அசைவுகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'வெண்கொக்கு சிறகு விரித்தல்' என்ற பெயர் மனத்தில் இருந்தால், ஒரு கை மேலே எழுவதும், மறு கை இடுப்பருகே இறங்குவதும், முன்கால் நுனிவிரலால் மட்டும் தரையைத் தொடுவதும் ஒரே படமாகக் கண்முன் வந்துவிடும்.

வீடியோவைப் பற்றிக் கேட்டீர்கள். ஏற்கெனவே கற்றதை நினைவுபடுத்திக்கொள்ள அது உதவும், அதோடு சரி. எதிரே நின்று செய்து காட்டுபவரின் வலது உங்களுக்கு இடது. உடல் திரும்பும் இடத்தில் திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும், நிலை குலைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் முழங்கால் உள்ளே சாய்வதைத் திரையில் இருப்பவரால் பார்க்க முடியாது.

கூச்சத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். நானும் தொடக்கத்தில் பின்வரிசையில்தான் ஒதுங்கி நின்றேன். எல்லோரும் திரும்பியதும் பின்வரிசையே முன்வரிசையாகிவிட்டது. பார்த்துச் செய்ய எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கூட்டத்தின் நடுவில் நில்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பழகியவர் ஒருவர் கண்ணில் படுவார்.

தடுமாற்றம் குறையுமா என்ற எதிர்பார்ப்பு உங்களுக்கு இருக்கிறது. அது வீண் போகாது. நடுக்கமும் நடையில் தடுமாற்றமும் தரும் நரம்பு நோயான பார்க்கின்சன் நோய் உள்ள 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. தாய் ச்சி பழகியவர்களுக்கு, தசைப் பயிற்சியோ உடலை நீட்டி வளைக்கும் பயிற்சியோ செய்தவர்களைவிட, உடலின் சமநிலை நன்றாகத் தேறியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம் வீதம் அவர்கள் பழகியது 24 வாரங்கள். நீங்கள் போனது ஐந்தே வகுப்புகள்.

அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், முழங்கால் வலியை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவர் முன்னால் நான்கு அடி நடந்து காட்டி, எங்கே சாய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.