கடல் மூடினால் ஊரும் மூடிவிடுமா?

கேள்வி: பள்ளி திறப்பதற்கு முன்னால் சென்னையிலிருந்து என் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. பிள்ளைகள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தில் இரண்டு நாள் அறை எடுத்துத் தங்கினோம். இரண்டு நாளும் விடாத மழை. கோவளத்தில் காவலர்கள் கால் நனைக்கக்கூட விடவில்லை. பிள்ளைகள் அறையிலேயே போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். பணமும் போச்சு, விடுமுறையும் போச்சு. கடலும் கோவிலும் இல்லையென்றால் அந்த ஊரில் பார்க்க என்னதான் இருக்கிறது?
- ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: முதலில் அந்தக் காவலர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் மேல் இருக்கும் கோபத்தை இன்றே விட்டுவிடுங்கள். 2024 மே மாதம் நம் மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களும் வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள்தாம். நம் மீனவர்கள் கள்ளக்கடல் என்று பெயர் வைத்திருப்பது காரணத்தோடுதான். எங்கோ தெற்கே பெருங்கடலில் வீசிய புயல்காற்று எழுப்பிய அலை, நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நேரத்திலும் கரையேறிவிடும். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டாலோ பருவக்காற்றின் சீற்றமும் சேர்ந்துகொள்ளும். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வள்ளத்தைக் கரையேற்றி வைக்கிற நாளில் சென்னையிலிருந்து வந்த பிள்ளை அங்கே கால் நனைக்க வேண்டுமா? சிவப்புக் கொடியைக் கண்டால் திரும்பிவிடுங்கள். காவலரிடம் கெஞ்சிப் பார்ப்பதுகூட வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. ‘அந்த ஊரில் என்னதான் இருக்கிறது’ என்று களியக்காவிளையில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. உங்கள் வீட்டுக்கும் அந்த ஊருக்கும் முப்பது கிலோமீட்டர் சொச்சம். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரை அது நம் தலைநகரம். நம் தாத்தாமார் மேல்படிப்புக்குப் போனதும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் அங்கேதான். இன்று நமக்கு அந்த ஊரில் தெரிந்த வழி இரண்டு. ஒன்று மெடிக்கல் காலேஜுக்கு, இன்னொன்று கல்யாணத்துக்குத் துணி எடுக்க. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. இந்த எல்லைப் பக்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

நானும் ஆஸ்பத்திரி வழியாகத்தான் அந்த ஊருக்குள் போனேன். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்கு அங்கே சிகிச்சை. உள்ளே விடுகிற நேரம் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. வெளியே கொட்டுகிற மழை. மாமா என்னைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு மியூசியத்துக்குப் போனார். நனைந்த சட்டையோடு ஒரு படத்தின் முன்னால் நின்றேன். அம்மாவை நினைத்து இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம், அந்தக் கூடத்தில் கொஞ்ச நேரம் இறங்கி நின்றது. அதனால்தான் உங்கள் கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் அண்ணன் பிள்ளைகளை அந்த மியூசியத்துக்கே முதலில் கூட்டிப்போயிருக்கலாம். கூவத்தின் மேல் அவர்கள் கடக்கிற நேப்பியர் பாலம் யார் பெயரில் இருக்கிறதோ, அதே சென்னை மாகாண ஆளுநரின் பெயர்தான் இந்த நேப்பியர் மியூசியத்துக்கும். மெரினாவில் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுசைக் கட்டிய ராபர்ட் சிஷோம்தான் இதையும் வடிவமைத்தார். 1880இல் கட்டி முடித்தார்கள். அங்கே கும்மட்டங்களை வைத்தவர், இங்கே மலையாள நாட்டுச் சாய்கூரையை எடுத்துக்கொண்டார். ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். வாசலில் நிறுத்தி, கூரையில் விழுகிற மழை எந்த வழியாக இறங்குகிறது என்று பார்க்கச் சொன்னால் விடை அவர்களுக்கே கிடைத்துவிடும். வெயில் நாளில் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. உள்ளே சுவரெல்லாம் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பட்டைகள். காற்று தானாக வந்து போகும்படி கட்டியிருக்கிறார்கள். வெண்கலச் சிலைகள், தந்த வேலைப்பாடுகள், மரத்தில் செதுக்கிய தேர் என்று நிறைய உண்டு. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒரு சிலையை வரையச் சொல்லுங்கள். போனை யாரும் பிடுங்க வேண்டியிருக்காது.

அதே வளாகத்தில் 1935இல் திறந்த ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம் இருக்கிறது. ரவிவர்மாவின் ஓவியங்களுக்கென்று 2023இல் தனிக் கூடமே கட்டித் திறந்துவிட்டார்கள். 1848இல் கிளிமானூரில் பிறந்த அந்த மனிதர் நமக்கு அந்நியர் இல்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து திருவிதாங்கூர் அரண்மனையில் இருந்த ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண வித்தையைச் சொல்லிக்கொடுக்க மறுத்தார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ஆசானுக்குத் தெரியாமல் ரவிவர்மாவுக்கு உதவினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு 1894இல் மும்பையில் அவர் அச்சகம் தொடங்கினார். நம் வீட்டுப் பூஜை அறையில் தாமரைமேல் நிற்கும் லட்சுமியும் வீணை ஏந்திய சரசுவதியும் அந்த வழியாக வந்து சேர்ந்தவர்கள்தாம். அச்சுப் படமாக நாம் தினமும் பார்த்த முகத்தின் மூலவர் எப்படி வரைவார் என்பதை நேரில் பார்க்க வேண்டாமா?

நான் பத்து வயதில் நின்றது தமயந்தியின் முன்னால். அன்னம் அவளிடம் நளனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். படத்தில் அவ்வளவுதான். அன்னம் என்ன சொல்லியிருக்கும் என்று மாமா கேட்டார். நான் ஏதேதோ சொன்னேன். நீங்களும் அந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து துஷ்யந்தன் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கிற சகுந்தலையிடம் பெரியவர்கள் நிற்கலாம். அந்தப் புடவை மடிப்பைப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும்.

இரண்டாம் நாளைக் கிழக்கேகோட்டைக்குக் கொடுத்திருக்கலாம். பத்மநாபசுவாமி கோவிலை ஒட்டியே குதிரைமாளிகை. திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் கட்டியது. கூரையின் இறவாணத்தை மரக்குதிரைகள் தாங்கி நிற்கின்றன, மொத்தம் 122. மழை இறவாணத்திலிருந்து சரம் சரமாக விழும்போது அந்தக் குதிரைகளை அண்ணாந்து எண்ணிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால் போதும். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் இளையவர் வடிவேலு இந்த அரசரின் சபையில்தான் இருந்தார். அவருடைய வயலின் வாசிப்பைக் கேட்டு அரசர் தந்தத்தால் செய்த வயலினையே பரிசளித்தார். அரசர் வாழ்ந்தது 33 வயது வரைதான். வெளியே வந்தால் எதிரே மேத்தன்மணி என்கிற பழைய கடிகாரம். மணி அடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரர் ஒருவரின் கன்னத்தில் இரு பக்கமும் முட்டும். அதற்காகப் பத்து நிமிடம் முன்னாலேயே குடைபிடித்துக் காத்து நிற்கலாம், தப்பில்லை.

கோட்டைக்குள்ளேயே ஆவணக் காப்பகத்தில் பனையோலைச் சுவடிகளுக்கு ஒரு மியூசியம் வந்திருக்கிறது. நம்மவர்கள் யாரும் போவதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று எழுத்துகளை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். வட்டெழுத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திரும்பி வந்ததும் வெயிலடிக்கும் நாளில் நம் மாவட்டத்துச் சிதறால் மலைக்கு ஏற்றி, பாறையில் அதே எழுத்தைக் காட்டுங்கள். 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த போரைப் பற்றிய ஓலைகளும் அங்கே உண்டு. குளச்சல் உங்களுக்கு மீன் வாங்குகிற ஊர். அந்த ஊரின் கதை எழுதிய ஓலையைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கிற பிள்ளை, அடுத்த முறை அந்தக் கடற்கரையில் வேறு மாதிரி நிற்கும்.

பசிக்கிற நேரத்துக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லால் சுருட்டி எழுப்பிய கோபுரம் அது. மாடி, படி என்று தனியாக எதுவும் இல்லை. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும். சுவரோடு சேர்த்தே மேசையும் இருக்கையும் கட்டியிருப்பார்கள். செங்கல்லுக்கு நடுவே விட்ட துளைகள் வழியாக மழையின் குளிர் உள்ளே வரும். பீட்ரூட் மசால் வைத்த தோசை பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். கடைசி மேசை வரை ஏறிப்போய் உட்காருங்கள்.

அறிவியல் மியூசியமும் பிரியதர்சினி கோளரங்கமும் பி.எம்.ஜி. பக்கம் இருக்கின்றன. மேகம் மூடிய நாளில் நட்சத்திரம் பார்க்க அதுவே இடம். பெரிய மாலுக்கு வழி நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னைப் பிள்ளைகளுக்கு மால் புதிதும் இல்லை. ஆடி மாதம், அங்கே கர்க்கடகம் என்பார்கள், போவதானால் கிழக்கேகோட்டை சி.வி.என். களரியில் விடிகாலைப் பயிற்சியைப் பாருங்கள். 1956 முதல் நடக்கிற களரி. தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிய மண்தளம், எண்ணெய் வாசம், வாய்த்தாரி என்கிற பயிற்சிக் கட்டளைகளைச் சொல்லுகிற குரல். உடம்பு பிடிப்பதற்கும் எண்ணெய்ச் சிகிச்சைக்கும் மழைக்காலமே உகந்தது என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

பாளையத்தில் மாநில மைய நூலகம் 1829இல் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. அதன் பக்கத்தில் இருக்கும் யூனிவர்சிட்டி காலேஜ் அந்நாளில் மகாராஜா காலேஜ். அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் சுந்தரம் பிள்ளை. பள்ளியில் தினமும் காலையில் ‘நீராருங் கடலுடுத்த’ பாடுகிற பிள்ளைகளுக்கு, அதை எழுதியவர் வாழ்ந்த ஊர் இது என்று ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். மழை நின்ற ஐந்து நிமிடத்தில் அந்த வாசலில் நின்று சொல்லியிருக்கலாம்.

சில காரியங்களை மறக்காதீர்கள். திங்கட்கிழமை கிளம்ப வேண்டாம். நேப்பியர் மியூசியமும் குதிரைமாளிகையும் மூடியிருக்கும். புதன்கிழமை காலையிலும் மியூசியம் திறப்பதில்லை. பெருமழையில் தம்பானூரில் தண்ணீர் கட்டும், அதனால் அறையைப் பாளையம் பக்கம் எடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மாற்றுச் சட்டை ஒன்றை உறைக்குள் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், நனைந்த பிள்ளைக்கு எந்த ஓவியமும் கண்ணில் ஏறாது.

அண்ணன் குடும்பத்தை நவராத்திரிக்குக் கூப்பிடுங்கள். அப்போதும் மழை இருக்கலாம், இருக்கட்டும். கம்பர் வழிபட்டதாக நம்பப்படும் சரசுவதி பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு உங்கள் களியக்காவிளை வழியாகத்தான் திருவனந்தபுரம் போகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடப் போகிறார்கள். வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடாதீர்கள், பின்னாலேயே போங்கள். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலையும் அவள் முன்னால் கச்சேரி நடக்கும். சுவாதித் திருநாள் அதற்கென்றே இயற்றிய கீர்த்தனைகளைப் பாடுவார்கள். நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே பாடிய அந்த மண்டபத்தில் 2006இல் முதன்முதலாகப் பாடிய பெண் பாறசாலை பொன்னம்மாள், உங்களுக்கு அடுத்த ஊர்க்காரர். பாட்டு எவ்வளவு பிடித்தாலும் அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள்.