அரசு, ராணுவ மென்பொருள்களில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?

கேட்டவர் சேலத்தில் எம்.இ. படிப்பவர். "அரசு, ராணுவ மென்பொருள்கள் தடுமாறுவது நிர்வாகக் கோளாறுதானே, அதில் பொறியியல் ஆய்வுக்கு என்ன இருக்கிறது? டிஆர்டிஓ (ராணுவ ஆய்வு அமைப்பு) போன்ற இடங்களில் ஆள் தெரியாமல் ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நிர்வாகத்தின் தலையில் போட்டுவிட்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் நான் பல ஆண்டுகளாக அரசுத் துறை ஒன்றின் சம்பளப் பட்டியல் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் விஷயம் வேறு. எதையெல்லாம் நம்பி ஒரு நிரல் எழுதப்பட்டது என்பது நிரலில் எங்கும் இருப்பதில்லை. எழுதியவரின் மனத்தில் இருக்கும். அவர் போனதும் அதுவும் போய்விடும். பல்லாயிரம் பேர் முப்பது ஆண்டுகள் தொட்டுத் திருத்தும் மென்பொருளில் இதை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கு இன்றுவரை நல்ல விடை இல்லை.

1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பேட்ரியாட்டின் கடிகாரம் நேரத்தை நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. பத்தில் ஒன்று இரும எண்ணில் முழுதாக அடங்காது; 24 பிட்டுக்குள் வெட்டியதில் விடுபட்ட துளி, 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதும் சுமார் 0.34 நொடியாகச் சேர்ந்தது. ஸ்கட்டின் வேகத்துக்கு அது அரை கிலோமீட்டருக்கும் மேல். வடிவமைத்தவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். அடிக்கடி இடம் மாறும், சில மணி நேரமே தொடர்ந்து இயங்கும் அமைப்பு என்று எண்ணிச் செய்திருந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது.

1996-இல் ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் சிதறியதும் இதே வகைதான். ஏரியன்-4-இல் ஒழுங்காக ஓடிய நிரல், வேகம் கூடிய புது ராக்கெட்டில் 16 பிட்டுக்குள் அடங்காத எண்ணைச் சந்தித்தது. சேலம் ஐந்து ரோட்டில் ஓடிய பஸ்ஸை ஏற்காடு மலைப்பாதைக்கு அனுப்பும்போது ஓட்டுநர் பிரேக்கை ஒருமுறை மிதித்தாவது பார்ப்பார்.

ஏவுகணை வேண்டாம், சம்பளத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் சுவாரசியம். தமிழக அரசு ஊழியர்களின் ஊதியத் திருத்தம் 2017 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கருத்தியலாக, அதாவது கணக்குக்கு மட்டும், 1.1.2016 முதல்; கையில் வரும் பணப்பயன் 1.10.2017 முதல். இப்போது 2016 மார்ச்சில் ஒருவரின் சம்பளம் என்ன என்று மென்பொருளிடம் கேளுங்கள். அன்று கையில் வாங்கியது ஒன்று, இன்றைய விதிப்படி வாங்கியிருக்க வேண்டியது இன்னொன்று. இரண்டும் சரி, இரண்டும் பதிவில் இருக்க வேண்டும். இடையில் ஓய்வு பெற்றவருக்கு எது? அகவிலைப்படியும் அவ்வப்போது முன்தேதியிட்டு உயரும், நிலுவை கணக்கிட வேண்டும். முன்தேதியிட்டு மாறும் விதிகளின் கீழ், பழைய கணக்குகளையும் அழிக்காமல், விடை சரி என்று நிரூபிக்கும் முறை எங்கே? நாங்கள் சில மாதிரி ஊழியர்களை எடுத்து, கையால் கணக்குப் போட்டு ஒப்பிடுகிறோம். இந்தக் காலத்திலும்!

தரவிலும் இதே கதை. ஓமலூர், ஆத்தூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களிடம் 'யுடிஆர் பிழை' என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. 1979-இல் தொடங்கிய அந்த நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் ஏக்கர்-சென்ட் கணக்கு ஹெக்டேர்-ஏர் ஆனது, சர்வே எண்கள் மாறின, சில பெயர்கள் விடுபட்டன. அந்தப் பதிவேடுகளே பின்னாளில் கணினிக்கு ஏறின. திரையில் வந்ததும் பிழைக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

ராணுவத்துக்கே உரிய கூடுதல் தலைவலி, உண்மையான சூழலில் சோதித்துப் பார்க்க முடியாமை. அமெரிக்காவின் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து 1985-இல் விலகிய கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் வைத்த வாதங்களில் இது முக்கியமானது: முதல் உண்மைச் சோதனையே போராகத்தான் இருக்கும். கணித நிரூபணம் இருக்கிறதே என்பீர்கள். 2009-இல் எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கரு (கெர்னல்) வரையறுத்தபடியே இயங்கும் என்று நிரூபித்துக் காட்டினார்கள். அது சுமார் 8,700 வரி. எஃப்-35 போர் விமானத்தில் ஓடுவது 80 லட்சம் வரிக்கு மேல். அந்த இடைவெளியில் எத்தனை முனைவர் பட்டங்கள் வேண்டுமானாலும் கிடக்கின்றன.

சேலம் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் ஒன்று என்பதால் பலர் அந்தப் பக்கம் ஓடச் சொல்வார்கள். மாணவருக்கு நிரலோ பிழைப் பதிவேடோ அங்கே கிடைப்பது கடினம். கிடைத்தாலும் கட்டுரையாக வெளியிட விடமாட்டார்கள். அரசாணைகளுக்கு அந்தத் தடை இல்லை, இணையத்தில் இருக்கின்றன. பத்து ஆண்டுகளின் அகவிலைப்படி, ஊதிய ஆணைகளை எடுத்து, கணினி சரிபார்க்கக்கூடிய விதிகளாக எழுதிப் பாருங்கள். எந்த ஆணை எதைத் திருத்துகிறது, எங்கே இரண்டு ஆணைகள் முட்டிக்கொள்கின்றன என்பதைக் கருவி சொல்ல வேண்டும். விடையைச் சரிபார்க்க உங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற கருவூல ஊழியர் ஒருவர் இருப்பார். கணக்கில் அவரை ஏமாற்ற முடியாது.