மாமன் மடிக்கு யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் தை மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. எனக்கு ஒரு அக்கா மட்டும்தான், உடன்பிறந்த ஆண் கிடையாது. என் அத்தை மகன் எங்களோடு வளர்ந்தவர், அவர் மடியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்றேன். “அவன் எப்படி மாமனாவான்?” என்று அப்பத்தா மறுத்துவிட்டார். இதில் ஏதும் பொருள் இருக்கிறதா? சொந்தத்தில் பெண் கொடுத்து எடுப்பதும் எங்கள் பக்கம் அநேகமாக நின்றுவிட்டது. படிப்பும் டாக்டர்களின் எச்சரிக்கையும்தானே காரணம்?

வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

அப்பத்தா சொன்னது சரி. அத்தை மகன் உங்களுக்கு முறைமாப்பிள்ளை. நீங்கள் கட்டிக்கொள்ளும் முறையில் இருப்பவர் என்பதால், உங்கள் மகளுக்கு அவர் அப்பா வரிசை, சித்தப்பாவோ பெரியப்பாவோ. மாமனாக உட்காருபவர் உங்களுக்கு அண்ணன் தம்பி முறை ஆகவேண்டும். பெரியப்பா, சித்தப்பா மகன்களும் பெரியம்மா, சித்தி மகன்களும் அந்த முறைக்காரர்கள். அத்தை மகனும் தாய்மாமன் மகனும் ஆகமாட்டார்கள்.

மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே 1949–50இல் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் இதைத் தெளிவாக விளக்கினார். பெண் கொடுத்த வீட்டுக்கும் எடுத்த வீட்டுக்கும் உள்ள சம்பந்தம் கல்யாணத்தோடு முடிவதில்லை, அடுத்த தலைமுறையில் மாமன் சீராகத் தொடர்கிறது என்றார். காதுகுத்தில் மாமன் உட்காருவது பெண் கொடுத்த வீட்டின் சார்பாக. அந்த இடத்தில் சம்பந்தி முறைக்காரரை உட்காரவைத்தால் இரு தரப்பும் குழம்பிவிடும். பாசத்தை அப்பத்தா குறை சொல்லவில்லை.

இரண்டாவது கேள்விக்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் பாதிதான். மீதிப் பாதி வெறும் கணக்கு. இதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை.

எல்லாத் தம்பதிக்கும் ஐந்து பிள்ளைகள், ஆணும் பெண்ணும் சரிபாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுடைய அப்பாவுக்கு உடன்பிறந்தவர் நால்வர், அதில் சகோதரிகள் இருவர். அம்மாவுக்கும் நால்வர், அதில் சகோதரர்கள் இருவர். ஆக அத்தையும் மாமனுமாக நான்கு பேர். அவர்களுக்கு இருபது பிள்ளைகள், அதில் பெண்கள் பத்து. வயதில் இளையவர்கள் பாதி என்றால் முறைப்பெண்கள் ஐந்து பேர். இதையே தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள் என்று போட்டுப் பாருங்கள். அத்தையும் மாமனும் சேர்ந்து சராசரி ஒருவர், அவருக்குப் பிள்ளை இரண்டு, பெண் ஒன்று, அவள் இளையவளாக இருக்கும் வாய்ப்பு பாதி. ஐந்து பேர் இருந்த இடத்தில் அரை ஆள்!

1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கை ஒட்டிப் பிள்ளைகள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8.

அக்காள் மகளைக் கட்டுவது இன்னும் வேகமாக அடிபடுகிறது. ஐந்து பிள்ளை வீட்டில் மூத்தவளுக்கும் கடைக்குட்டிக்கும் பதின்மூன்று வயது இடைவெளி சாதாரணம். அக்காள் பதினெட்டில் பெற்றால் தம்பிக்கு வயது ஐந்து, அந்தப் பெண் அவனுக்குப் பொருந்தும் வயதில் வளருவாள். இன்றோ அக்காளுக்கும் தம்பிக்கும் மூன்று வயது இடைவெளிதான். அவள் இருபத்தாறில் பெற்றால் தம்பிக்கு இருபத்து மூன்று. அங்கே கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை.

சொத்தும் ஒரு காரணம். நிலம் கைமாறாமல் இருக்கத்தான் பல வீடுகள் உறவிலேயே முடித்தன. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், அதற்குமுன் கல்யாணமாகாத மகளுக்கும் பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. சட்டத்தைவிட, நிலத்தை நம்பிப் பிழைப்பது குறைந்ததே பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

டாக்டர்கள் எச்சரிப்பதும் நியாயமானதே. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் ஒரே பிரதி தாய், தந்தை இருவர் வழியாகவும் குழந்தைக்கு வந்துசேரும் வாய்ப்பு மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் பதினாறில் ஒன்று, அக்காள் மகள் கல்யாணத்தில் எட்டில் ஒன்று. ஆனால் அதே 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் அளவில் உறவில் கட்டியவர்கள். எச்சரிக்கை மட்டுமே காரணம் என்றால் இத்தனை பேர் இருக்கமாட்டார்கள்.

காதுகுத்துக்கு வருவோம். உங்கள் அப்பா, அம்மா தலைமுறையில் உடன்பிறந்தவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள். அதனால் உங்களுக்கு அண்ணன் தம்பி முறைக்காரர் கிடைப்பது எளிது. முதலில் அப்பா வழிப் பங்காளிகளில் தேடுங்கள். பிறந்த வீட்டின் பெயரில் சீர் வரவேண்டும் என்பதால் பெரியவர்கள் அதையே விரும்புவார்கள். அங்கே யாரும் இல்லையென்றால் பெரியம்மா, சித்தி மகன்கள். ஒருவரை முடிவு செய்தபின் அவரையே பூப்பு நீராட்டு, கல்யாணம் வரை மாமனாக வைத்துக்கொள்ளுங்கள். சடங்குக்கு ஒருவர் என்று மாற்றினால் சீர் யார் செய்வது என்ற சண்டை அங்கேதான் கிளம்பும்.

உங்கள் மகள் தலைமுறையில் இந்த மாற்று வழியும் மெலிந்துபோகும். இரண்டு தலைமுறை இரண்டு பிள்ளையோடு நின்றால் ஒரு பெண்ணுக்கு இப்படிக் கிடைக்கும் சகோதர முறைக்காரர் சராசரி ஒருவர். இரண்டு தலைமுறையும் ஒற்றைப் பிள்ளை என்றால் ஒருவருமில்லை. அப்போது தாய்வழித் தாத்தாவின் மடி. இப்போதே அப்படிச் செய்யும் வீடுகள் உண்டு. பெண் கொடுத்த வீட்டுக்காரர் என்பதால் முறையும் பிசகுவதில்லை.