மெனு விலை வேறு, பில் வேறு

கேள்வி: அப்பா, அம்மாவுக்கு அடுத்த மாதம் 30-வது கல்யாண நாள். கொச்சியில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்கு ஆறு பேராகப் போய்ச் சாப்பிட ஆசை. கையில் இருப்பது 8,000 ரூபாய். பில்லைப் பார்த்து அப்பா முகம் வாடக் கூடாது. என்ன செய்யலாம்? - வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: 8,000 ரூபாய்க்கு நிறைவாகவே சாப்பிடலாம், சகோதரி. முதலில் வரியைக் கழித்துவிடுங்கள். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் ஜிஎஸ்டி 18 சதவீதம். தனியாக நடக்கும் ரெஸ்டாரண்ட் எவ்வளவு பகட்டாக இருந்தாலும் 5 சதவீதம்தான். ஆக, ஹோட்டலில் நீங்கள் ஆர்டர் செய்யக்கூடியது சுமார் 6,780 ரூபாய்க்கு. வெளியே என்றால் 7,619 வரை. டேபிள் புக் செய்யும்போதே எத்தனை சதவீதம் என்று போனில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 6,780-க்கு 10 சதவீதம் போட்டால் 678. அதன் மேலும் ஜிஎஸ்டி ஏறினால் 800. பணம் கட்டும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

பெரும்பாலும் பில் எகிறுவது மீனில்தான். மெனுவில் விலை இருக்க வேண்டிய இடத்தில் 'ஏபிஎஸ்' என்றிருந்தால், மீனின் அளவைப் பொறுத்து விலை என்று அர்த்தம். 180 ரூபாய் என்று வாயால் சொல்வார்கள். அது 100 கிராமுக்கு. 900 கிராம் மீன் வந்தால் 1,620 ரூபாய். எடை போடுவது தலை, குடலோடு சேர்த்தா, சுத்தம் செய்த பிறகா? பொரிக்க, பொள்ளிக்க (வாழையிலையில் சுற்றிச் சுட) தனிக் காசு உண்டா? மீனைக் கண்ணால் பார்த்து, எடையையும் மொத்த விலையையும் சொல்லச் சொன்ன பிறகே 'சரி' சொல்லுங்கள். அடுப்பில் ஏறிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகு மீன்பிடித் தடை இருப்பதால் நெய்மீன் (வஞ்சிரம்), இறால் விலை ஏறும். கரிமீன் காயலில் (உப்பங்கழியில்) கிடைப்பது, அந்தத் தடை அதைத் தொடாது. அந்த நாட்களில் போனால் கரிமீனே கேளுங்கள். அப்பா, அம்மாவுக்கு ஆளுக்கு ஒன்று, மற்றவர்களுக்குக் கறி (குழம்பு) என்று வைத்துக்கொள்ளலாம்.

பஃபே உங்களுக்கு வேண்டாம். வயதானவர்கள் சாப்பிடும் அளவுக்கு அந்தக் காசு நஷ்டம். ஆறு பேருக்கு மூன்று கறியும் அப்பமும் முதலில் சொல்லுங்கள், போதாவிட்டால் மறுபடி வாங்கலாம்.

உட்கார்ந்ததும் 'மினரல் வாட்டரா?' என்பார்கள். ஹோட்டலில் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாதாரணக் குடிநீர் போதும் என்று சொல்லுங்கள்.

ஸ்விக்கி டைன்அவுட், ஈசிடைனர் போன்ற ஆப்களில் தள்ளுபடி இருந்தால், பெரும்பாலும் ஆப் வழியாகப் பணம் கட்டினால்தான் அது செல்லும். கார்டைத் தேய்த்துவிட்டால் போயிற்று. கல்யாண நாள் என்பதைப் புக் செய்யும்போதே சொல்லுங்கள், சில இடங்களில் ஒரு இனிப்பு இலவசமாகத் தருவார்கள். கேக்கை நீங்களே கொண்டுபோவதானால், அதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் அதே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.