சிங்கிளா டபுளா என்று கேட்காதீர்கள், பல்லை எண்ணுங்கள்

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 41, தினமும் வேலைக்குப் போக வர 18 கிலோமீட்டர் சமதளம், மாதத்தில் ஒரு ஞாயிறு கொல்லிமலை ஏற ஆசை. இரண்டு எம்டிபி, அதாவது மலைப்பாதைக்கான கியர் சைக்கிள், பார்த்து வைத்திருக்கிறார், எதை எடுப்பது என்று கேட்கிறார். ஒன்று டபுள்: முன்னால் மிதியோடு 36 பல், 22 பல் என இரண்டு செயின்வீல், பின்னால் 11-36 கேசட், அதாவது சின்ன வட்டில் 11 பல்லும் பெரிய வட்டில் 36 பல்லும் உள்ள அடுக்கு. இன்னொன்று சிங்கிள்: முன்னால் 32 மட்டும், பின்னால் 11-42. "டபுள் எல்லாம் பழைய காலம், பிடித்திருந்தால் அதையே வாங்குங்கள், சிங்கிளாக மாற்றித் தருகிறேன்" என்கிறாராம் கடைக்காரர்.

உங்களுக்கு டபுள்தான் சரி. வாங்கியதை மாற்றவும் வேண்டாம்.

காரணம் சின்னக் கணக்கு. முன்பல்லைப் பின்பல்லால் வகுங்கள், வரும் எண் எவ்வளவு சிறியதோ ஏற்றத்தில் மிதி அவ்வளவு லேசு. டபுளில் 22-ஐ 36-ஆல் வகுத்தால் 0.61. சிங்கிளில் 32-ஐ 42-ஆல் வகுத்தால் 0.76. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அது நாலில் ஒரு பங்கு கூடுதல் கனம். 29 இஞ்ச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் டபுளில் மணிக்கு 5 கிலோமீட்டரில் உருட்டலாம், சிங்கிளில் 6-க்கு மேல் போயே ஆக வேண்டும், முடியாவிட்டால் மிதி திணறும், முட்டி வலிக்கும். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலையில் இது எத்தனையாவது வளைவில் தெரியும் என்பதுதான் கேள்வி.

சிங்கிள் மோசம் என்று சொல்லவில்லை. செயினை வட்டுக்கு வட்டு தள்ளும் டீரெய்லர் முன்பக்கம் இல்லை, லீவர் ஒன்றுதான், சேற்றில் மாட்டாது, காட்டுப் பாதையில் குதித்து இறங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லது.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள். முன்னால் 30, பின்னால் 51 வரை போகிற சிங்கிள் உங்கள் பட்ஜெட்டில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், 0.59 வருகிறது, டபுளைவிட லேசு. ஆனால் கேசட்டின் சின்ன வட்டில் பல் 10-ஆ 11-ஆ என்று பாருங்கள். ஷிமானோ கம்பெனியின் டியோர் வரிசையில் 12 வேக கேசட், அதாவது 12 வட்டு உள்ளது, 10-இல் தொடங்கும், அதற்குச் சக்கரத்தின் நடுவில் மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி ஹப் பாடி, கேசட் உட்காரும் உருளை, வேண்டும். அதே டியோரில் 11 வேகம் 11-51, அது சாதாரண ஹப்பிலேயே உட்காரும். நாளைக்கு கேசட் தேய்ந்து ஊரில் தேடும்போது இந்த ஒரு பல் வித்தியாசம் உங்களை அலைய விடும். கம்பெனிக்கு ஒரு ஹப், தலைமுறைக்கு ஒரு ஹப் என்று செய்து வைத்திருக்கிறார்கள், சுமப்பது வாங்குகிறவன்.

அப்புறம் அந்த "மாற்றித் தருகிறேன்". இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். முன்னால் ஒரு வட்டைக் கழற்றிவிட்டால் சிங்கிள் ஆகிவிடாது. செயின் கழலாமல் பிடிக்க பல் ஒன்று தடிப்பும் ஒன்று மெலிவுமாக மாறி மாறி இருக்கும் செயின்வீல் வேண்டும், செயின் ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் உள்ள பின் டீரெய்லர் வேண்டும், பெரிய கேசட் வேண்டும், அதற்கேற்ற நீளத்தில் புதுச் செயின் வேண்டும். போன மாதம் என்னிடம் ஒரு வண்டி வந்தது. எங்கேயோ பின்னால் 46 பல் வரை போகும் கேசட் மாட்டிவிட்டு பழைய செயினையே விட்டிருக்கிறார்கள். ஏற்றத்தில் அந்தப் பெரிய வட்டுக்கு மாற்றியதும் செயின் எட்டாமல் டீரெய்லர் முன்னால் இழுபட்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் ஒடிந்து, மொத்தமும் ஸ்போக்கில் சுருட்டிக்கொண்டது. நாலு ஸ்போக் போச்சு. அவர் மாற்றுவதற்குக் கொடுத்த காசில் நல்ல டயர் இரண்டு வாங்கியிருக்கலாம்.

வண்டியில் தொங்கும் அட்டையைப் பாருங்கள், 21 கியர், 24 கியர் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். பாதி கியர் ஒன்றின் மேல் ஒன்று விழும், அதாவது மிதியின் கனம் ஏறக்குறைய ஒன்றுதான். பல் எண்ணிக்கையை மட்டும் போட மாட்டார்கள். தேவைப்படும் ஒரே எண்ணை மறைத்துவிட்டு வியாபாரம் செய்வதை எத்தனை வருடம்தான் பொறுத்துக்கொள்வது? கடையிலேயே குனிந்து எண்ணுங்கள், வட்டின் ஓரத்தில் பெரும்பாலும் பொறித்திருக்கும்.

டபுள் எடுத்த பிறகு ஒரு பழக்கம் வேண்டும். கொல்லிமலை அடிவாரக் காரவள்ளியில் ஏற்றம் தொடங்கும் முன்பே, மிதியில் அழுத்தம் குறைவாக இருக்கும்போது முன்னால் 22-க்கு இறக்கிவிடுங்கள். வளைவுக்கு நடுவில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால்தான் செயின் உள்பக்கம் விழும்.