ஃபிரான்ஷே சீனாவுக்கே போகவில்லை

செமினார் கட்டுரையில் "அத்ரியன் ஃபிரான்ஷே சீன மலைகளில் அலைந்து பட்லியா டேவிடியைக் கண்டுபிடித்தார்" (பட்லியா டேவிடி என்பது ஒரு பூக்கும் புதர்ச்செடி) என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள், என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆசிரியர் செய்தது சரிதான். பிரெஞ்சுத் தாவரவியலாளரான ஃபிரான்ஷே (1834–1900) சீனாவில் கால் வைத்ததே இல்லை. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தபடி, அர்மான் தவீது, சீனாவின் யுன்னான் மாகாணத்தில் இருந்த தெலவே போன்ற பாதிரியார்கள் உலர்த்தி அனுப்பிய செடிகளைப் பிரித்து, ஒப்பிட்டு, விவரித்துப் பெயர் வைத்தவர். தெலவே அனுப்பியது மட்டுமே இரண்டு லட்சம் மாதிரிகளுக்கு மேல் என்கிறார்கள், மனுஷன் மலைத்துப் போயிருப்பார்! ஃபிரான்ஷேயின் ஜப்பான் தாவரப் பட்டியலும் கிட்டத்தட்ட அப்படித்தான், அங்கே சேகரித்தவர் கடற்படை மருத்துவர் சவத்தியே. அதனால் அந்த வரியை "தவீது சேகரித்தார், 1887இல் ஃபிரான்ஷே விவரித்துப் பெயரிட்டார்" என்று மாற்றிவிடுங்கள். அப்புறம், தெலவேக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.