ரயில் ஏறிய மிதவைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் துறைமுகத்தின் ரயில்வே இழுவைப் படகுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு குயின்ஸில் உள்ள கேன்ட்ரி பிளாசா பூங்காவுக்குப் போயிருந்தேன். ‘லாங் ஐலண்ட்’ என்று எழுதிய கறுப்பு இரும்புச் சட்டங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது உடன்வந்த நண்பர், “வேகனைப் படகில் ஏற்றி இறக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. லாரி வந்ததும் தானாகச் செத்துப்போனது. இதற்கு ஏன் வருந்த வேண்டும்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு வாசகர், ஜெர்சி சிட்டி

அன்புள்ள நண்பருக்கு,

லாரி வந்தது உண்மை. ‘தானாக’ என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

பென்சில்வேனியா, ஈரி, லாக்கவானா, லீஹை வேலி என்று மேற்கிலிருந்து வந்த ரயில் கம்பெனிகளின் சரக்குப் பாதைகள் ஹட்சன் ஆற்றின் ஜெர்சி கரையோடு நின்றுவிட்டன. மன்ஹாட்டனுக்குள் சரக்கு வண்டியை நேராகக் கொண்டுவரும் தடம் நியூயார்க் சென்ட்ரல் கம்பெனிக்கு மட்டுமே இருந்தது. மற்றவர்களுக்கு நீர்தான் வழி. அதனால் ரயில் கம்பெனிகளே படகுகளையும் மாலுமிகளையும் வைத்துக்கொண்டன.

வேகன்கள் ஏறியது தட்டின் மேல் தண்டவாளம் பதித்த மிதவைகளில். நீங்கள் பார்த்த சட்டங்களில்தான் கரைக்கும் மிதவைக்கும் இடையிலான பாலம் தொங்கியது. ஓதம் ஏறினால் பாலமும் ஏற வேண்டும், வற்றினால் இறங்க வேண்டும். ஒவ்வொரு வேகன் ஏறும்போதும் மிதவை அமிழும். அதற்கும் பாலம் ஈடுகொடுக்க வேண்டும். பாரமான என்ஜினைப் பாலத்தில் ஏற்றாமல், நடுவில் வெற்றுத் தட்டு வேகன்களைக் கோத்துத் தள்ளினார்கள். ஒரே பக்கத் தடத்தை முழுதாக நிரப்பினால் மிதவை சாய்ந்துவிடும். எந்தத் தடத்தில் எத்தனை, எந்த வரிசையில் என்பது அங்கே வேலை செய்தவர்களின் கைக்கணக்கு. பிறகு இழுவைப் படகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மிதவையை வடத்தால் இறுகக் கட்டிக்கொண்டு கிளம்பும். வேகன்களின் கூரைக்கு மேலே பார்வை போக வேண்டும் என்பதற்காகவே அந்தப் படகுகளில் சுக்கான் அறையை அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள். மூடுபனியில், குறுக்கே கப்பல்கள் ஓடும் துறைமுகத்தில், சொந்த என்ஜினே இல்லாத இரண்டு மிதவைகளைக் கரைப்பாலத்தின் வாயில் கொண்டுபோய்ப் பொருத்திய அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது.

இதற்கான செலவைக் கம்பெனிகள் தனியாக வசூலிக்கவில்லை. ஜெர்சி கரையில் இறக்கினாலும் புரூக்ளினில் இறக்கினாலும் ஒரே கட்டணம். இது அநியாயம் என்று நியூஜெர்சி போட்ட வழக்கு 1917இல் தோற்றது. அந்தச் சச்சரவின் தொடர்ச்சியாகத்தான் 1921இல் நியூயார்க், நியூஜெர்சி இரு மாநிலங்களுக்கும் பொதுவான துறைமுக ஆணையம் பிறந்தது. ஜெர்சியின் கிரீன்வில்லிலிருந்து புரூக்ளினுக்குக் கடலடியில் ரயில் சுரங்கம் என்பது அதன் முதல் பெருந்திட்டத்திலேயே இருந்தது. அது வரவில்லை. 1931இல் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வந்தது, 1937இல் லிங்கன் சுரங்கம் வந்தது. இரண்டும் மோட்டார் வண்டிகளுக்கு. ரயிலுக்கென்று உருவான நிறுவனம் லாரிக்குப் பாதை போட்டதைத் ‘தானாக’ என்று எப்படிச் சொல்வது?

வருமானம் சுருங்கியதும் கம்பெனிகள் கைவைத்தது படகின் ஆள்பலத்தில். 1961 ஜனவரியில் ரயில்வே இழுவைப் படகுத் தொழிலாளர்கள் 600க்கும் மேற்பட்டோர் ஆள்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மறியலைத் தாண்ட மற்ற ரயில் தொழிலாளர்கள் மறுக்கவே, மன்ஹாட்டனின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் வரைக்கும் வண்டிகள் நின்றன. பதவியேற்ற கையோடு தொழிலாளர் அமைச்சர் ஆர்தர் கோல்ட்பெர்க் வந்து சமரசம் பேச வேண்டியிருந்தது. பெருநகரம் ஒன்று தன் படகுக்காரர்களைத் திரும்பிப் பார்த்த நாட்கள் அவை. ஆனாலும் சரிவு நிற்கவில்லை. நீங்கள் நின்ற இடத்தில் 1967இல் வேலை முடிந்துபோனது.

முழுதாகச் சாகவில்லை என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். கிரீன்வில்லிலிருந்து புரூக்ளினுக்கு இன்றும் வேகன்கள் மிதவையில் போகின்றன. 2008 முதல் அதை நடத்துவது அதே துறைமுக ஆணையம். தண்ணீரைத் தவிர்த்துத் தண்டவாளத்திலேயே போக நினைத்தால், வடக்கே ஆல்பனி பக்கம் செல்கிர்க் வரை ஏறி, ஆற்றைக் கடந்து திரும்ப வேண்டும். சுமார் 280 மைல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது எது?

கிரீன்வில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அப்படியே ஒருநாள் புரூக்ளின் ரெட் ஹுக்குக்கும் போய்வாருங்கள். லீஹை வேலி கம்பெனி 1914இல் கட்டிய 79ஆம் எண் மரப் படகு அங்கே அருங்காட்சியகமாக மிதக்கிறது. தண்டவாளம் இல்லாத, கூரை போட்ட சரக்குப் படகு அது. உள்ளே போய் அந்த மரத்தைத் தொட்டுப் பாருங்கள்.